ஆராரோவை வெட்டிய பாட்டு

மதியம் இரண்டு நாற்பது. தூளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு சின்னக் கால்தான் முதலில் கண்ணில் பட்டது. கட்டைவிரல் ஆடிக்கொண்டிருந்தது. மகள் தூங்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை மனைவியின் பிரசவ விடுப்பு முடிகிறது. எனக்குப் பத்திரிகை அலுவலகத்தில் மாலை ஷிப்ட். பகலில் குழந்தை என் பொறுப்பு. அதுவரை மகள் தன் அம்மாவின் குரலுக்கு மட்டுமே தூங்கிப் பழகியவள். என் குரலுக்கும் தூங்கினால் மனைவி வேலைக்குப் போகலாம். இல்லையென்றால் விடுப்பை நீட்டிக்க வேண்டும், அந்த இடத்துக்கு வேறொருவர் வந்துவிடுவார். இதை அவள் ஒரே ஒரு முறைதான் சொன்னாள்.

காலையிலேயே ஒரு தாலாட்டு எழுதி வைத்திருந்தேன். மனைவி பாடுவதுதான் அடிப்படை. அதில் ஒவ்வோர் அடியின் கடைசியிலும் ஆராரோ வரும். ஒரு பத்தியில் ஒரே சொல் இரண்டாம் முறை வந்தால் என் கை தானாக அடித்துவிடும். செய்திகளைத் திருத்தும் இருபது ஆண்டுப் பழக்கம். ஆராரோக்களை எடுத்துவிட்டு, காலியான இடங்களில் தேனாம்பேட்டை சிக்னல், அம்மாவின் சாப்பாட்டு டப்பா, லிப்ட், மழை வரும் வாய்ப்பு எல்லாவற்றையும் சேர்த்திருந்தேன்.

பாடப் பாட மகள் கண்ணை அகலமாகத் திறந்தாள். என் அடிகள் நீளமாக இருந்தன. சொல் முடிவதற்குள் தூளி திரும்பி வந்துவிட்டது. அவசரமாகத் தள்ளினேன். தூளி குலுங்கியது.

அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னப்பா, நியூஸ் வாசிக்கிறியா? அடுத்து என்ன வரும்னு அவ கேட்டுட்டு இருக்கா. புதுசா ஒண்ணும் வரலைன்னாதான் தூங்குவா."

உதவிக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள்.

சிக்னலையும் டப்பாவையும் லிப்டையும் மழையையும் விட்டுவிட்டேன். வெட்டிய ஆராரோவைத் திரும்பச் சேர்த்தேன். மிஞ்சியது இரண்டு அடி.

தேனாம்பேட்டை ஆபீசுக்கு
அம்மா போவா ஆராரோ.

தூளி போகும்போது முதல் அடி, திரும்பும்போது இரண்டாவது. ஆராரோவை இழுத்தால் தூளி தானாகவே என் கைக்கு வந்தது. தள்ள வேண்டியிருக்கவில்லை, தொட்டால் போதும். அதையே திரும்பத் திரும்பப் பாடினேன். எத்தனை முறை என்று எண்ணவில்லை. நடுவில் ஒரு முறை 'போவா' என்பதை 'வருவா' என்று மாற்றினேன். உடனே இமை அசைந்தது. பழையபடி 'போவா'வுக்கே திரும்பினேன்.

கட்டைவிரல் நின்றது. கொஞ்ச நேரம் கழித்துக் காலை எடுத்துத் தூளிக்குள் வைத்தேன். அவள் அசையவில்லை.

கதவு மெல்லத் திறந்தது. மனைவி தூளிக்குள் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் அலமாரியிலிருந்து ஆபீஸ் பையை எடுத்துத் தூசி தட்டினாள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.