நிழலுக்கு எட்டாத கயிறு

பிள்ளைகளே, போன வருடம் பங்குனி மாதம், ஹாலிஎலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. மழை பெய்து வெகுநாளாகி, நாங்கள் குடியிருக்கிற லயத்து வீடுகளுக்குத் தண்ணீர் வருகிற பீலிக் குழாய் வற்றிப்போயிருந்தது. நிறைசினையாக இருந்த எங்கள் பசு, தாகம் தாங்காமல் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடைக்குப் போய்விட்டது. போகிற வழியில் இளம் தேயிலையை மிதித்துவிட்டது. தோட்டத்துக் காவல்காரர் அதைப் பிடித்துவந்து, பெரட்டுக் களத்து இரும்புக் கம்பத்தில் கட்டிவிட்டார்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கவும் மத்தியானம் கொழுந்து நிறுக்கவும் நாங்கள் வரிசையில் நிற்கிற வெட்டவெளி அது. ஓரத்தில் ஒரு பலாமரம் உண்டு. கயிறு அதுவரை எட்டாது.

நான் ஓடிப்போய்க் கேட்டேன். "அவுத்துவிட வேணாம்ணே. அந்த மரத்தடியில மாத்திக் கட்டிக்கிறேன், சினை மாடு."

"தொரை வந்து பாக்காம கை வைக்கக் கூடாது. வெயில்ல நின்னா ஒன் மாடு கறுத்தா போயிரும்?" என்றார். அவரும் எங்கள் லயத்துக்காரர்தான்.

வீட்டில் குடிக்க வைத்திருந்த தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தேன். குடித்தும் இரைப்பு அடங்கவில்லை. நாக்கு வெளியே தொங்க, எச்சில் நூல்நூலாக வழிந்தது. கொழுந்து நிறுக்க வந்த என் மனைவி, செடி கீறாமல் இடுப்பில் கட்டியிருந்த சாக்குப் படங்கை அவிழ்த்துப் பசுவின் தலைக்கு மேலே விரித்துப் பிடித்தாள்.

"மாட்டுக்குக் கொட புடிக்கிறியாக்கா? நமக்குப் புடிக்கத்தான் ஆளக் காணோம்!" என்று ஒருத்தி சொல்ல, வரிசையே சிரித்தது.

"ஒனக்கு நிழலுக்கு ஓடக் காலு இருக்கு புள்ள. இதத்தான் கட்டி வச்சிருக்காங்களே" என்றாள் என் மனைவி.

பொழுது சாய்ந்த பிறகுதான் தோட்டத்தை நடத்துகிற துரை வந்தார். இதை ஏன் வெயிலில் கட்டினாய் என்று காவல்காரரைக் கேட்டுவிட்டு, ஜீப்பை விட்டு இறங்காமலே போய்விட்டார். அவ்வளவுதான். அதன் பிறகுதான் மாட்டை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது.

மறுநாள் கன்று செத்துப் பிறந்தது. பார்க்க வந்த மிருக வைத்தியர், வெயில்தான் காரணமாக இருக்கும் என்றார். மாட்டுக்கு நம்மைப் போல அதிகம் வேர்க்காதாம். இரைத்து இரைத்துத்தான் உள்சூட்டை வெளியே தள்ளுமாம். அதுவும் போதாவிட்டால் நிழல் தேடி நடக்குமாம். உடம்பு அதற்குச் சொல்லிக்கொடுத்த எல்லாவற்றையும் எங்கள் பசு செய்தது. நடப்பதை மட்டும் நாங்கள் செய்யவிடவில்லை.

இன்றைக்கும் அதே கம்பத்தின் பக்கத்தில்தான் வரிசையில் நிற்கிறேன்; எங்கள் யாரையும் யாரும் கட்டிப்போடவில்லை, இருந்தும் அன்று அந்த முடிச்சை அவிழ்க்க ஒருவருக்கும் கை நீளவில்லை என்பதுதான் இன்னும் ஆறாமல் கிடக்கிறது.