மீட்டரில் கடைசிப் பகா எண்

எங்கள் தடத்து பஸ் ஓட்டுநருக்கு இரண்டு பேரிடம்தான் பயம். ஒருவர் டிப்போ மேலாளர், இன்னொருவர் கணக்கு டீச்சர். மேலாளரை அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

டீச்சர் முதலில் வெறும் பயணிதான். ஒருநாள் முன் சீட்டிலிருந்து கிலோமீட்டர் மீட்டரை எட்டிப் பார்த்து, "இப்போ ஓடுறது பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர எதாலயும் வகுபடாது" என்றார். மனுஷன் அங்கேயே விழுந்தார். அன்றிலிருந்து டீச்சர் வண்டியில் இருக்கும்போது பகா எண் வந்தால் ஓட்டுநர் வைப்பரை ஒரு தரம் ஆட்டுவார். வெயிலில் வைப்பர் ஆடுவதாக மூன்று புகார்கள் போயிருக்கின்றன.

போன வாரம் மீட்டர் 9,99,983-ஐ நெருங்கியது. அதில் ஆறு இலக்கத்துக்குத்தான் இடம். பத்து லட்சமானால் பூஜ்யம். அதற்குள் வரும் கடைசிப் பகா எண் இதுதான். சாயங்காலம் பள்ளி நிறுத்தத்தில் டீச்சர் ஏறியதும் எண் விழும் என்று காலையிலேயே இருவரும் கணக்குப் போட்டிருந்தார்கள்.

சாலையைத் தோண்டுகிறவர்களை யார் கணக்கில் சேர்ப்பது? பள்ளிக்குச் சற்று முன்னால் தெருவை வெட்டிப் போட்டு, சுற்றிப் போகச் சொல்லிப் பலகை வைத்திருந்தார்கள். மீட்டரில் 9,99,982. சுற்றினால் மூன்று கிலோமீட்டர். டீச்சர் ஏறுவதற்குள் எண் வந்து போயே போய்விடும்.

பஸ் ஓரமாக நின்றது.

"என்னாச்சுண்ணே?" என்றார் கண்டக்டர்.

"இன்ஜின் சூடு. டீச்சருக்குப் போன் போட்டு, தோண்டின தெரு வழியா நடந்து வரச் சொல்லு."

"இன்ஜின் சூட்டுக்கு அண்ணி எதுக்குண்ணே?"

"போடுய்யா!"

உண்மையிலேயே இன்ஜின் சூடா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் ஜன்னலோரம் இருந்தேன்.

செருப்பெல்லாம் சேறாக டீச்சர் வந்து ஏறினார். இன்ஜின் மூடியில் கை வைத்தார்.

"இதுவா சூடு? எங்க ஸ்டாஃப் ரூம் டீ இதைவிடச் சூடா இருக்கும்."

"இப்பதான் ஆறுச்சு."

"பொய் சொல்லத் தெரியாது, அதுல ஒரு ஆசை. எடுங்க வண்டிய!"

வளைவு திரும்பியதும் எண் விழுந்தது. வைப்பர் ஆடியது. டீச்சர் சிரித்ததைக் கண்ணாடியில் ஓட்டுநர் பார்த்துக்கொண்டார்.

"இதுக்கா இவ்வளவு நேரம்? அப்படி என்னம்மா விசேஷம்?" என்றார் பின் சீட்டுப் பெரியவர்.

"எதாலயும் வகுக்க முடியாத நம்பருங்க ஐயா."

"அட, எங்க அண்ணன் தம்பி சொத்து மாதிரின்னு சொல்லுங்க!"

பஸ்ஸே சிரித்தது. அதற்குள் 9,99,984.

"ரெட்டைப்படை வந்தாச்சு, வேகமாப் போங்க" என்றார் டீச்சர்.

"அடுத்தது எப்போ?" ஓட்டுநர் குரல் இறங்கியிருந்தது.

"பத்து லட்சத்து மூணு."

"அதுக்கு இந்த மீட்டர்ல இடமில்லையே டீச்சர்."

"ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுறீங்க? நாளைக்குப் பூஜ்யமாகி மறுபடி ரெண்டுல ஆரம்பிக்கும். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு… ஆரம்பத்துலதான் நெருக்கமா வரும்."

கண்டக்டர் எட்டி வைப்பரைப் பார்த்தார்.

"ரப்பர் தாங்காதுண்ணே. புதுசு மாத்திடலாம்."