எட்டு இன்ச் பைப்பு

வெளிநாட்டில் நான் தங்கியிருக்கும் பூன் லேயிலிருந்து கம்பெனி லாரியில் போய் இறங்குகிற கப்பல் பட்டறையில் நான் பைப் ஃபிட்டர். கப்பலுக்குள் குழாய் பொருத்துவது வேலை. இன்ச்சும் மில்லிமீட்டரும் எனக்கு அத்துப்படி. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் காலை எங்கள் சூப்பர்வைசர் இரும்புத் தடுப்பில் சாக்பீஸால் ஆறு வட்டம் போட்டு வைத்திருந்தார். மறுநாள் வரப்போகிற எட்டு இன்ச் பைப்பு நுழைய ஆறு துளை வெட்ட வேண்டும். வட்டத்தின் அகலம் இருநூற்றுப் பத்து மில்லி.

"பத்தாதுண்ணே," என்றேன்.

அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், இந்த ஊர் வழக்கப்படி பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற முன்கோபி. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "எட்டை இருபத்தஞ்சு புள்ளி நாலால பெருக்கு. இருநூத்தி மூணு. ஏழு மில்லி கூடவே வெச்சிருக்கேன் லா. வெட்டு!"

பெருக்கல் சரிதான். ஆனால் பைப்பு அந்தக் கணக்குக்கு அடங்காது. எட்டு இன்ச் என்பது அதற்கு வைத்த பெயர். வெளிப்பக்கம் அளந்தால் எட்டரைக்கும் மேலே போகும். அதைச் சொன்னேன்.

"நீ சொல்றது தப்பா இருந்துச்சுன்னா, நாளையிலேருந்து கூட்டுற வேலைதான் உனக்கு," என்றார்.

பதினோரு வருடமாகக் கட்டிக் காத்த பெயர் போய்விடும். ஆனாலும் வெட்ட மனம் வரவில்லை.

ஸ்டோருக்கு ஓடி, எட்டு இன்ச் பைப்பில் வெட்டி மிஞ்சிய சாண் நீளத் துண்டு ஒன்றை உருட்டி வந்தேன். குறுக்கே அளந்தால் டேப்பைச் சாய்த்துப் பிடிக்கிறேன் என்பார். அதனால் அவர் கண்ணெதிரே சுற்றிப் பிடித்தேன். அறுநூற்று எண்பத்தெட்டு மில்லி. ஏழால் பெருக்கி இருபத்திரண்டால் வகுத்தேன், மனக்கணக்காகவே.

"இருநூத்திப் பத்தொன்பது."

அவர் போனில் தட்டிப் பார்த்தார். இன்னொரு தடவையும் தட்டினார். பிறகு தன் ஆறு வட்டங்களையும் கையுறையால் தானே அழித்துவிட்டு, சாக்பீஸை என்னிடம் நீட்டினார். "நீயே போடு லா."

மறுநாள் ஆறு துளையிலும் பைப்பு வழுக்கிக்கொண்டு போனது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவில் நின்றபடி ஊரிலிருக்கும் மனைவிக்கு போன் போட்டேன்.

"என்னங்க, குரல்லயே சந்தோஷம் தெரியுது. ப்ரமோஷனா?"

"அதெல்லாம் இல்ல. கப்பல்ல நான் போட்ட கோட்டுலதான் வெட்டு விழுந்துச்சு."

"அதுக்கா இவ்வளவு?"

"அதுக்குத்தான்!" என்றேன். பக்கத்தில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.