ஆச்சு என்றார்கள்

அந்த வாக்கியத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார்கள். ஊரிகத்துப் பக்கம், தங்கச் சுரங்கத்தில் அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் போனவர்களுக்கென்று துரைசாணிகள் சிலர் கமிட்டி கூடி ஒரு விடுதி நடத்தினார்கள். அதன் முன்வாசல் சுவரில், உள்ளே வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே கண்ணில் படுகிற உயரத்தில் அது தொங்கியது. இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: இங்கே இருக்கிறவர்கள் எல்லாரையும் அவரவர் சொந்தப் பாஷையில் விசாரித்ததில், சாப்பாடு வேளைக்குக் கிடைத்ததாகத் தங்கள் வாயாலேயே சொன்னார்கள். எழுதியது ஒரு துரைசாணி. எழுதும்படி செய்து கொடுத்தவள் நான். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது. யார்மேல் என்று கேட்டால், முதலில் என்மேல்தான்.

என் வீட்டுக்காரர் சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரத்தூண் கொடுக்கிற வேலையில் இருந்தார். ஒரு பகல் ஷிப்டில் அவர் கொடுத்த தூண் நின்றது. பக்கத்தில் இன்னொருவர் கொடுத்தது நிற்கவில்லை. ஆட்களை ஏற்றி இறக்குகிற கேஜில் வைத்து மேலே கொண்டுவந்தபோது பேச்சு தெளிவாக இருந்தது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. முதுகெலும்பு போய்விட்டது, இனி வைத்தியத்துக்கு ஒன்றுமில்லை, கவனித்துக்கொள்ளத்தான் ஆள் வேண்டும் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

மூன்று மாதம் எங்கள் தட்டி வீட்டிலேயே வைத்துப் பார்த்தேன். நெடுநெடுவென்று வளர்ந்த மனுஷர். அவரைப் புரட்டிப் படுக்கவைக்க இரண்டு பேர் வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி ஒத்தாசைக்கு வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பிரசவம் நெருங்கியதும் அதுவும் நின்றது. நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் சிறுபெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதை விட்டால் வீட்டில் உலை ஏறாது. விடுதியில் நாளைக்கு நாலு தடவை புரட்டுவார்கள், மூன்று வேளை கஞ்சி கொடுப்பார்கள் என்று சொன்னார்கள். நம்பிச் சேர்த்தேன்.

துரைசாணிகள் அதை ஹோம் என்றார்கள். எங்கள் குடியிருப்பு லைனில் இருந்தவர்கள் வாயில் அது ஓம் ஆயிற்று. இன்னார் ஓமுக்குப் போய்விட்டார் என்றால் இனி திரும்ப மாட்டார் என்று அர்த்தம். முன்பு குதிரை கட்டிய லாயம் அது. மேலே தகரம், கீழே ஏழு கட்டில். கவனித்துக்கொள்ள ஒரு டிரெஸ்ஸர், ஒரு சமையல்காரன், பெருக்க ஒரு ஆள். டிரெஸ்ஸர் எங்கள் சபைக்காரர்தான். கோவிலில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்கார்ந்து, எல்லாரையும்விட உரக்கப் பாடுவார். கட்டுப்போடத் தெரிந்தவர், கொஞ்சம் இங்கிலீஷும் தெரிந்தவர். தன்னைத் தவிர வேறு யாரையும் கவனிக்கத் தெரியாதவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு மணி நேரம் போய்ப் பார்க்கலாம். வெளிச் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது, வயிற்றுக்கு ஆகாது என்பது டிரெஸ்ஸரின் சட்டம். முதல் ஞாயிறு என் வீட்டுக்காரர் சிரித்தார். இரண்டாவது ஞாயிறு கன்னம் ஒட்டியிருந்தது. மூன்றாவது ஞாயிறு கிட்டே போனதும் ஒரு வாடை அடித்தது. போர்வையை விலக்கிப் பார்த்தேன். இடுப்புக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குக் கறுத்து, நடுவில் தோல் விட்டிருந்தது. நாள் கணக்கில் ஒரே பக்கமாகப் போட்டு வைத்தால் வருகிற புண். அதற்குள் டிரெஸ்ஸர் வந்து போர்வையை இழுத்து மூடி, அதெல்லாம் தாங்கள் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். வேளைக்குக் கொடுக்கிறார்களா என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் தகரத்தைப் பார்த்துக்கொண்டு, பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று விசாரித்தார்.

அந்த நிலைமையில் எனக்கு இருந்த ஒரே நம்பிக்கை விசாரணை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை கமிட்டியிலிருந்து ஒரு துரைசாணி வந்து, கட்டில் கட்டிலாகக் கேட்டு எழுதிக்கொண்டு போவாள். குறை என்று வந்தால் டிரெஸ்ஸரை மாற்றிவிடுவார்கள், வராவிட்டால் அவரே தொடருவார். அந்த நாளுக்காக நான் முழங்கால் தேய ஜெபம் பண்ணினேன். யாராவது ஒருவர் வாயைத் திறந்தால் போதும், என் மனுஷர் பிழைத்துக்கொள்வார் என்று இருந்தேன்.

துரைசாணிக்குத் தமிழ் தெரியாது. வழக்கமாகக் கூட வந்து இரண்டு பக்கத்துப் பேச்சையும் மாற்றிச் சொல்கிற குமாஸ்தா அந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். மிஷன் போர்டிங்கில் வளர்ந்ததால் எனக்கு இங்கிலீஷ் வரும் என்று யாரோ சொல்ல, என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். ஆண்டவரே கண்ணைத் திறந்துவிட்டார் என்று துள்ளிக் குதிக்காத குறைதான். என் புருஷன் அங்கேதான் கிடக்கிறார் என்று துரைசாணிக்குத் தெரியாது. தெரிந்தால் வேறு ஆளைத் தேடுவாள் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் எனக்குச் சொன்னது ஒன்றுதான்: அவர்கள் சொல்வதோடு எதையும் கூட்டக் கூடாது, எதையும் குறைக்கக் கூடாது. எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. போர்டிங்கில் வார்த்தைக்கு வார்த்தை மொழிபெயர்த்துப் பரிசு வாங்கினவள் அல்லவா நான்.

காலை பத்து மணிக்கு விசாரணை. நான் முன்னாடியே போய்ப் பின்பக்கமாக நுழைந்தேன். அடுப்பில் பூனை தூங்குகிறது என்று பட்டினி கிடக்கிற வீட்டைப் பற்றிச் சொல்வோமே, அன்று நிஜமாகவே ஒரு பூனை சாம்பலில் சுருண்டு படுத்திருந்தது. சாம்பலைத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. முன்பக்கம் போனால் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, கட்டிலெல்லாம் வெளுத்த துப்பட்டி. டிரெஸ்ஸர் மாட்டிக்கொண்டான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம்.

அந்தத் துரைசாணியைக் கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். சொல்ல முடிந்தால் நிம்மதியாக இருக்கும். கையுறை போட்ட விரலால் ஜன்னல் கட்டையில் தூசி இருக்கிறதா என்று தடவினாள். தண்ணீர்ப் பானையை மோந்து பார்த்தாள். கம்பளிகளை எண்ணினாள். கவுன் அழுக்காவதைக் கூடப் பார்க்காமல் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். கட்டிலின்மேல் கிடந்தவர்களின் முதுகுக்கு அடியில் மட்டும் பார்க்கவில்லை. பிறகு காகிதத்தை எடுத்தாள். அதில் முதல் கேள்வி: இன்று காலை சாப்பாடு கொடுக்கப்பட்டதா?

முதல் கட்டிலில் கால் நசுங்கிய ஒரு பெரியவர். வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் குனிந்து, சாப்பிட்டீர்களா என்று கேட்டேன்.

"ஆச்சு தாயி," என்றார். துரைசாணியைப் பார்த்து, "நீங்க சாப்ட்டீங்களா?" என்று திருப்பிக் கேட்டார்.

சாப்பிட்டுவிட்டாராம் என்றேன். இன்னும் ஏதோ சொன்னாரே என்று துரைசாணி கேட்டாள். நீங்கள் சாப்பிட்டீர்களா என்று விசாரிக்கிறார் என்றேன். எவ்வளவு நல்ல மனசு என்று அவள் முகம் மலர்ந்தது. அதையும் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வட ஆற்காட்டிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த எங்கள் ஜனங்களிடம் சாப்பிட்டீர்களா என்பது கேள்வியே கிடையாது. அது கும்பிடு மாதிரி. ஆச்சு என்பது பதில் கும்பிடு. பட்டினியாகக் கிடந்து கண் இருண்டாலும் ஆச்சு என்றுதான் சொல்வார்கள். இல்லை என்று சொன்னால், கேட்டவர் சோறு போட்டாக வேண்டும். அவரிடம் இல்லாமல் போனால் அவருக்குத் தலைகுனிவு. அதற்காகவே லைனில் ஒருத்தர்கூட அந்த இல்லையைச் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து அந்த ஜனங்களோடு இருந்தவள், துரைசாணியின் காகிதத்தைப் பார்த்துக் கிளிப்பிள்ளை மாதிரி அப்படியே கேட்டுவிட்டேன்.

இரண்டாவது கட்டிலிலும் ஆச்சு. மூன்றாவது கட்டிலில், வெடி மருந்தில் கண் போன ஒருத்தர். அவரிடம் கேள்வியை மாற்றினேன். "காலைல இன்னா குடுத்தாங்க?" என்றேன். அவர், டிரெஸ்ஸரின் பூட்ஸ் சத்தம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று காதைத் திருப்பினார். அந்த இடைவெளியில் டிரெஸ்ஸர், இந்த அம்மாள் வேறு என்னவோ கேட்கிறாள் என்று தன் அரைகுறை இங்கிலீஷில் போட்டுக் கொடுத்துவிட்டார். காகிதத்தில் இருப்பதை மட்டும் கேட்கும்படி துரைசாணி மெதுவாகச் சொன்னாள். மறுபடியும் கேட்டேன். ஆச்சு என்றார். நாலாவது கட்டிலிலும் அதுவே.

ஐந்தாவது கட்டில் என் வீட்டுக்காரருடையது. நான் வருவேன் என்று அவருக்குத் தெரியாது. கோவில் புடவையைக் கட்டிக்கொண்டு துரைசாணிக்குப் பக்கத்தில் நான் நின்றதைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வார்த்தையை மாற்ற முடியாது, பின்னால் டிரெஸ்ஸர். இல்லை என்று சொல்லுங்கள், ஒரே ஒரு தடவை மரியாதை கெட்டுப் பேசுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சிக்கொண்டு கேட்டேன்.

"இன்னாங்க, சாப்ட்டீங்களா?"

என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் கைகளைப் பார்த்தார்.

"ஆச்சு மே," என்றார்.

மே என்றால் என்ன என்று துரைசாணி கேட்டாள். எங்கள் பக்கத்தில் கட்டினவளைக் கூப்பிடுகிற வார்த்தை. அதற்குத் தனியாக அர்த்தம் ஒன்றுமில்லை என்று சொன்னேன். சாப்பிட்டுவிட்டாராம் என்றும் சொன்னேன். இல்லை என்று நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். டிரெஸ்ஸர் மறுத்திருப்பார், சண்டை வந்திருக்கும், அந்தச் சண்டையில் யாராவது அடுப்பைப் போய்ப் பார்த்திருப்பார்கள். இது எனக்குத் தோன்றியபோது ஏழாவது கட்டிலும் முடிந்துவிட்டிருந்தது.

வாசலில் துரைசாணி எனக்கு நன்றி சொன்னாள். நான் அவளை நிறுத்தி, எங்கள் பாஷையில் அந்தச் சொல் பதில் ஆகாது, மரியாதைக்குச் சொல்வது என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள். அப்படியானால் உண்மையிலேயே சாப்பிட்டிருந்தால் என்ன சொல்வீர்கள் என்றாள்.

அதே சொல்தான் என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். பரிகாசம் பண்ணவில்லை, உண்மையாகவே சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பைப் பாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன். டிரெஸ்ஸர் மகா கெட்டிக்காரர். அதற்குள் அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது, உலை கொதித்தது, மத்தியானச் சாப்பாடு என்றார்கள். வேறு வழி தெரியாமல், ஐந்தாவது கட்டிலில் கிடப்பவர் என் புருஷன், அவரைப் புரட்டிப் பாருங்கள் என்று சொன்னேன். துரைசாணியின் முகம் மாறியது. முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும் என்றாள். புருஷன் படுத்துவிட்டால் எந்தப் பெண்ணுக்கும் எந்தக் கவனிப்பும் போதாமல்தான் தெரியும் என்று சொல்லி, என் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிப் போனாள்.

டிரெஸ்ஸரே வேலையில் தொடர்ந்தார். அந்த ஞாயிறே என் வீட்டுக்காரருடைய ஷிப்டுக்காரர்கள் நாலு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு போய், அவரைக் கட்டிலோடு தூக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். புரட்டிப் பார்த்தால், புண் எலும்புவரை போயிருந்தது. ஆஸ்பத்திரி டாக்டர் வந்து பார்த்து, இவ்வளவு நாள் எங்கே இருந்தாய் என்று என்னைத் திட்டினார்.

மூன்று வாரம் உயிரோடு இருந்தார். நன்றாகச் சாப்பிட்டார். கேழ்வரகுக் களியும் கீரையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒரு மத்தியானம் ஊட்டிக்கொண்டிருக்கும்போது, அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டுவிட்டேன். நாள் கணக்கில் பட்டினி கிடந்துவிட்டு, எதற்காக என்னிடமே பொய் சொன்னீர்கள் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். அவர் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினார்.

"நீ வெறுங்கையோட நின்னுக்கினு கேட்ட. இல்லன்னு சொன்னா அத்தனை பேர் எதிர்ல நீ இன்னா பண்ணுவ மே?"

அடக்கம் முடிந்த மறுநாள் டிரெஸ்ஸர் துக்கம் விசாரிக்க வந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அந்த ஆளைக் கண்டால் என்னென்ன கேட்க வேண்டும் என்று மூன்று வாரமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தேன். முந்தின நாளிலிருந்து நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "சாப்ட்டீங்களா வாத்தியாரம்மா?" என்று கேட்டார்.

"ஆச்சுங்க," என்றேன்.