சின்னம்மை அணைத்த விளக்கு

சின்னம்மை வீட்டில் பதினோரு வருஷமாக இரவில் பல்பு அணைந்ததில்லை. கரண்ட் போனால் டார்ச், டார்ச் போனால் மெழுகுவத்தி. ஒரு மழைக்காலத்தில் மேட்டு மண் சரிந்து, எஸ்டேட்டில் தொழிலாளிகளுக்குக் கொடுத்த லைன் வீட்டை மூடியபோது, மூன்று மணி நேரம் அதற்கடியில் கிடந்து பிழைத்தவள் அவள். அதிலிருந்து இருட்டைக் கண்டால் நெஞ்சை அடைக்கும். புருஷன் சிவகுரு டீ ஃபேக்டரியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்து, கண்மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு தூங்குவார். ஒரு நாள்கூட முணுமுணுத்ததில்லை. அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் இவளுக்குத்தான் மனசு கேட்காது.

இப்படிப்பட்ட பொம்பளை குகைக்குள் போனாள் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் போனாள்.

கட்டபெட்டுக்கு மேலே, எஸ்டேட் எல்லை தாண்டி, பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து உண்டான குகை அது. சொட்டுத் தண்ணீர் கிடையாது, தரையெல்லாம் மாவு மாதிரி புழுதி. ஊட்டி பஜாரில் கடை வைத்திருக்கும் சாஜித், ஞாயிற்றுக்கிழமைகளில் புதியவர்களை அதற்குள் கூட்டிப்போவான். டீக்கடையில் அவன் யாரிடமோ பேசியது அவள் காதில் விழுந்தது. "உள்ள போயி எல்லாரும் லைட்ட அணைச்சுட்டு அஞ்சு நிமிஷம் சும்மா உக்காருவோமுங்க. அதுக்குத்தான் இந்தப் பாடெல்லாம்."

அஞ்சு நிமிஷம். கொழுந்து கிள்ளும்போதும், சோறு வடிக்கும்போதும் அந்த வார்த்தை கூடவே வந்தது. அதைத் தாண்டிவிட்டால் வீட்டுக்காரர் துண்டில்லாமல் தூங்கலாம். அடுத்த ஞாயிறு புருஷனையும் இழுத்துக்கொண்டு குகை வாசலில் போய் நின்றாள்.

"அக்கா, நெசமாவே வர்றீங்களா?" என்றான் சாஜித்.

"ஏன் தம்பி, நான் வந்தா பாறை வேண்டாம்னு சொல்லுதா?"

அவன் சிரித்துவிட்டு அவள் தலையில் லைட் வைத்த ஹெல்மெட்டை மாட்டினான். கழுத்தில் ஒரு விசில், பையில் இரண்டு டார்ச். வழி தப்பினால் அலையக் கூடாது, உட்கார்ந்து விசில் ஊத வேண்டும், பிறகு லைட்டை அணைக்க வேண்டும் என்றான். "நம்ம லைட்டு எரிஞ்சா, தேடி வர்றவங்க லைட்டு நமக்குத் தெரியாதுங்கக்கா." சிவகுருவுக்கு வாசலிலேயே காவல். நாலு மணிக்குள் யாரும் வரவில்லை என்றால் அவர் ஆள் கூப்பிட வேண்டும். அவர் வாட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கூட வந்தவர்கள் கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இரண்டு பேர், முட்டிபோட்டுத் தவழ்ந்து முனகினார்கள். சின்னம்மைக்கு அது ஒன்றுமே இல்லை, சரிவிலேயே தேய்ந்த கால்கள். வாசல் வெளிச்சம் பால் மாதிரி பின்னால் மெல்லக் கரைந்தது. முள்ளம்பன்றி முள் ஒன்று புழுதியில் கிடந்தது. பேசினால் குரல் எங்கோ தூரத்தில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. கனவுக்குள் கண் திறந்தே நடக்கிறோமோ என்றிருந்தது அவளுக்கு.

உள்ளறையில் உட்கார்ந்தார்கள். "அணைக்கலாமுங்களா?" என்றான் சாஜித். மூன்று லைட் அணைந்தது. நாலாவது எரிந்துகொண்டே இருந்தது. சின்னம்மையின் விரல் பட்டனில் இருந்தது, அழுத்தத்தான் வரவில்லை. "பரவால்லைங்கக்கா," என்றான் அவன். அந்தப் பரவாயில்லைதான் அவளுக்கு அழுகையைக் கொண்டுவந்தது.

திரும்பும்போது அவளையே முன்னால் விட்டான். ஒரு பிள்ளையின் பை பாறையில் மாட்டிக்கொள்ள, மற்றவர்கள் பின்தங்கினார்கள். வழி இரண்டாகப் பிரியும் இடம் வந்தது. இருபது வருஷமாக ஒரு தேயிலை நிரையில் கிள்ளிக்கொண்டே ஏறி, அடுத்த நிரையில் கிள்ளிக்கொண்டே இறங்கிய உடம்பு. கிள்ளி முடித்த செடிகளுக்கிடையே சும்மா திரும்பி வந்தால் மேஸ்திரி விடுவாரா? கால் தானாகவே, வந்த பொந்தை விட்டுவிட்டுப் பக்கத்துப் பொந்துக்குள் நுழைந்தது. ஆள் உயரப் பாறை ஒன்றில் சறுக்கி இறங்கினாள். அப்புறம்தான் பார்த்தாள், புழுதியில் ஒரு காலடிகூட இல்லை.

திரும்ப ஏறக் கை எட்டவில்லை. உட்கார்ந்தாள். விசிலை ஊதினாள், காது கொடுத்தாள், ஒரு சத்தமும் இல்லை. இனி லைட்டை அணைத்தாக வேண்டும். பட்டனில் விரலை வைத்தாள். வாசலில் வாட்சோடு உட்கார்ந்திருக்கும் மனுஷனை நினைத்துக்கொண்டு அழுத்தினாள்.

மண் வரும் என்று காத்திருந்தாள். மார்மேல் ஏறும், வாய்க்குள் புகும், கையை அசைக்க விடாது. வரவில்லை. கையைத் தூக்கினாள், தூக்க முடிந்தது. மூச்சு தாராளமாக வந்து போனது. இருட்டு அவளை எங்கேயும் அழுத்தவில்லை. அன்றைக்கு அழுத்தியது மண் மட்டும்தானா? இத்தனை வருஷம் பாவம், இந்த இருட்டையல்லவா சேர்த்துக் குற்றம் சொல்லியிருக்கிறாள். அழுதாள், சிரித்தாள், பாறையில் சாய்ந்துகொண்டாள்.

மேலே பாறை விளிம்பு மெல்ல மஞ்சளானது. சாஜித் எட்டிப் பார்த்தான். "அக்கா, பயந்துட்டீங்களா? இதோ கயிறு போடறேன்."

"முகத்துல லைட்டு அடிக்காதீங்க தம்பி. அணைச்சுட்டு நீங்களும் உக்காருங்க. இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகலை."

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெளியே வந்தார்கள். சிவகுரு எழுந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை புழுதியாக நின்றவளைப் பார்த்து, "என்ன புள்ள, இம்புட்டு நேரம்?" என்றார்.

அவள் அவர் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தாள். மடித்துத் தன் பைக்குள் வைத்தாள்.

"ஏனுங்க, இன்னைக்கு ராத்திரி இது உங்களுக்கு வேண்டாமுங்க."

சிவகுருவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும், மணி பார்க்கிறவர்போல் வாட்சின்மேல் குனிந்துகொண்டார்.