நான் நீக்கிய கட்டம்

செயற்கைக்கோள் அனுப்பும் அளவுகளிலிருந்து காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் கணக்கிடுவது என் வேலை. பூமி தன் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. போகிற வழியில் கரியமில வாயுவும் நீராவியும் அவற்றில் தங்களுக்கு உரிய அலைநீளங்களை விழுங்கிக்கொள்கின்றன. மேலே போய்ச் சேர்வதில் எது எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால், எந்த உயரத்தில் காற்று எவ்வளவு சுடுகிறது என்று சொல்லிவிடலாம். அக்காவுக்கு இதை ஒருமுறை விளக்கினேன். பாதியிலேயே சிரித்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

அவளைக் கமுதிப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அத்தானும் அவளும் மிளகாய் போட்டார்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள், என்னைக் கல்லூரிக்கு அனுப்பச் சொல்லி அய்யாவிடம் மூன்று நாள் பேசாமல் இருந்தாள்.

அந்தக் கோடையில் ஒரு நாள், மதியம் பதிவான அளவுகள் சாயங்காலம் பெங்களூரில் என் திரைக்கு வந்தன. வரைபடத்தை நாங்கள் பிரித்திருக்கும் சதுரங்களில், கமுதியைச் சுற்றிய கட்டத்தில் தரையின் வெப்பம் நாங்கள் எதிர்பார்த்ததைவிட வெகு அதிகம். அந்த அளவை வைத்துக்கொள்வதா, நீக்குவதா என்று கணினி கேட்டது. மேகம் இல்லை, கருவியிலும் கோளாறு தெரியவில்லை. இருந்தாலும் இவ்வளவு இருக்காது என்று எனக்குத் தோன்றியது. நீக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வருவதற்குள் அத்தான் போனில் கூப்பிட்டார். மதியம் களத்தில் காயப்போட்ட மிளகாயைக் கிளறிக்கொண்டிருந்தபோது அக்கா மயங்கி விழுந்திருக்கிறாள். மற்ற பெண்கள் நிழலுக்குப் போன பிறகும், இந்த ஓரத்தை முடித்துவிட்டு வருகிறேன் என்று நின்றிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுநாள் அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ மேல இருந்து பாப்பியேம்மா. அன்னைக்கு வெயிலு எம்புட்டுன்னு தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சது அத்தான். தப்பா இருக்கும்னு நானே எடுத்துட்டேன்."

தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து வைத்தார். பிறகு, "நீ வச்சிருந்தா மட்டும் அவ நெழலுக்கு வந்திருப்பாளா?" என்றார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அந்த அளவுகள் என்னிடம் வரும்போது அவள் உயிரோடு இல்லை என்பது எனக்கும் தெரியும். தெரிந்தும் மனம் ஆறவில்லை. அத்தனை உயரத்துக்கும் வெப்பம் சொல்லும் அந்தக் கருவி, தரையை ஒட்டிய ஆள் உயரக் காற்றைத்தான் எப்போதும் மோசமாகப் பார்க்கிறது. அதை அத்தானிடம் நான் சொல்லவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்றே அந்தக் கட்டத்தைப் பழையபடி சேர்த்தேன். அந்த அளவு சரியானதுதான் என்று எப்படித் தெரியும் என்று பிரிவுத் தலைவர் கேட்டார். அன்று அந்த வெயிலில் அக்கா விழுந்ததைச் சொன்னேன். அவர் அந்தக் கோடையின் அளவுகள் முழுவதையும் மறுபடி சரிபார்த்தார். வறண்ட நிலங்களுக்கு, இதற்குமேல் இருக்காது என்று வைத்திருந்த கோடைக்கால வெப்ப வரம்பை உயர்த்தினோம். அதன்பின் அப்படிப்பட்ட கட்டங்களை யாரும் நீக்குவதில்லை.

அத்தான் அடுத்த வருஷம் மிளகாய் போடவில்லை. நிலத்தைச் சும்மா போட்டுவிட்டு ஏர்வாடியில் ஒரு விடுதி வேலைக்குப் போய்விட்டார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். பஸ் வரும்வரை கூடவே நின்றார்.