பனியில் செருகிய பாட்டில்

தெத்சுரோ சாக்கே என்னும் அரிசி மதுவைக் குடிக்கும் சத்தத்தைக் கேட்டாலே அவர் மனைவி ஹிசாயோவுக்குக் குமட்டும். கிண்ணம் உதட்டைத் தொடுவதற்கு முன்பே உறிஞ்சத் தொடங்கிவிடுவார். முடித்ததும் ஏப்பம் கலந்த ஒரு 'ஹா'. அதற்கும் முன்னால், சூடு பார்க்கிறேன் பேர்வழி என்று சுண்டுவிரலைக் கிண்ணத்துக்குள் விட்டு, நக்கி, மிச்ச ஈரத்தை உட்காரும் மெத்தையில் துடைப்பார். அந்த உறையைத் துவைப்பது யார்? முப்பத்தெட்டு வருஷமாக அவள்தான்.

அவருக்குச் சாக்கே உடம்புச் சூட்டில் இருக்க வேண்டும். குடுவையை வெந்நீரில் இறக்கி, அடியைத் தொட்டுப் பார்த்து எடுத்துவர வேண்டும். கொஞ்சம் ஏறினால், "ஏய், நாக்கை வேக வைக்கிறியா?" குறைந்தால், "ஏய், இது என்ன குளத்துத் தண்ணியா?" அவளுக்கு 'ஏய்' தவிர வேறு பெயர் உண்டு என்பதே அவருக்கு மறந்திருக்கும்.

தன் கிண்ணத்தில் தானே ஊற்றிக்கொள்வது அவர்கள் ஊரான நாகாவோகாவில் அழகில்லை. பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும். அவள் ஊற்றினாள், அவர் ஒருநாளும் திருப்பி ஊற்றவில்லை. அவளுக்கும் ஊற்றட்டுமா என்று யாராவது கேட்டால், "அவ குடிக்க மாட்டா" என்று முந்திக்கொள்வார். கல்யாணத்துக்கு முன் ஆறு வருஷம் சாக்கே கடையில் வேலைக்கு நின்றவள். குளிர்ந்த சாக்கே என்றால் அவளுக்கு உயிர். சொந்த வீட்டில், நாலு பேர் முன்னால், தனக்கென்று ஒரு கிண்ணம் குடித்துவிட வேண்டும். அந்த ஆசை மட்டும் சாகவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், பழைய அலுவலகத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்த கதாகிரி வந்தான்.

"அண்ணி, இது சூடே காட்டாம அடைச்ச புதுச் சரக்கு. பத்திரமா வைங்க" என்று ஒரு பாட்டிலை நீட்டினான்.

அவள் ஜன்னலுக்கு வெளியே குவிந்திருந்த பனியில் அதைச் செருகினாள்.

"ஏய், சூடு பண்ணிக் கொண்டா."

"என்னங்க, இதைச் சூடு பண்ணினா வாசனையே போயிடும்."

"கடையில பாட்டில் துடைச்சவ எனக்குப் பாடம் எடுக்கிறா, பாருய்யா!"

ஒரு குடுவை மட்டும் சூடாக்கி வைத்தாள். கனிந்து அழுகிய வாழைப்பழ வாடை அறையெல்லாம் பரவியது.

"எப்படி?" என்றார் தெத்சுரோ, உறிஞ்சிவிட்டு.

கதாகிரி விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு, "அருமை, சார்" என்றான். ஓய்வுபெற்ற மனிதரிடம்கூடவா இந்த ஜால்ரா? சீ! அந்த உறிஞ்சலைவிட இந்தப் பொய்தான் அவளுக்கு அதிகம் அருவருத்தது.

அவனுக்கே கூச்சமாக இருந்திருக்கும். குடுவையைத் தூக்கி, "அண்ணி, நீங்களும் கொஞ்சம்..." என்றான்.

"அவ குடிக்க மாட்டா."

"குடிப்பேன்" என்றாள் ஹிசாயோ.

கதாகிரியின் கை பாதியில் நின்றது. சாரின் முகத்தைப் பார்த்தான். குடுவையை மெல்லக் கீழே வைத்துவிட்டான்.

ஹிசாயோ எழுந்து ஜன்னலைத் திறந்தாள். பாட்டிலை உருவி, டீ குடிக்கும் கோப்பையில் தானே நிறைய ஊற்றி, நின்றபடியே குடித்தாள். பேரிக்காய் மணம். தொண்டை வரைக்கும் சில்லென்று இறங்கியது.

"ஏய்! விருந்தாளி முன்னாடி நீயே ஊத்திக்குறியே, வெக்கமா இல்ல?" என்றார் தெத்சுரோ. சொல்லிவிட்டு, வழக்கம்போல அவளைப் பார்க்காமலே காலிக் கிண்ணத்தை நீட்டினார். விளிம்பில் மென்ற கணவாய் மீன் துணுக்கு ஒட்டியிருந்தது.

ஹிசாயோ தன் கோப்பையில் இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டாள். நீட்டிய கை அப்படியே நீண்டிருந்தது.